குளிர்ந்ததும் மறைகிற பழுது

வெல்லாவெளியில் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு நகருக்குப் புறப்படும் பழைய பிக்கப் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் மறுபேச்சின்றி ஸ்டார்ட் ஆகிறது. கொக்கட்டிச்சோலை வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்முனைப் பாலத்தை நெருங்கும்போது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில், சட்டென்று நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் வாவிக் காற்றில் நிற்கவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோனாலோ அங்கே அது நிற்பதேயில்லை. பிறகு நடப்பது பலருக்கும் தெரிந்த கதை: முதலில் டீசல் பில்டர் மாறும், அடுத்த வாரம் ரிலே மாறும், அதற்கடுத்து பம்ப் கழன்று சேர்விசுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் வண்டி சில நாள் ஒழுங்காக ஓடி, ஒரு வெயில் நாளில் அதே பாலத்தடியில் நிற்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் பரவலாகத் திறந்தது என்பதால், இலங்கையில் பழைய பிக்கப்களை இழுத்துப்பிடித்து ஓட்டவேண்டிய கட்டாயம் கூடியது. உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. தவறான பாகத்தை மாற்றுவது இன்று ஒரு குடும்பத்தின் போகத்து மிச்சத்தையே தின்றுவிடக்கூடிய செலவு. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: சூட்டில் மட்டும் தோன்றும் பழுதைக் குளிர்ந்த எஞ்சினில் தேடக்கூடாது. வண்டி நின்ற முதல் சில நிமிடங்களே சாட்சி. அந்த நிமிடங்களில் கராஜ்காரர் அருகில் இருப்பதில்லை, ஓட்டுநர் இருக்கிறார். ஆகவே பழுதறிதலில் பாதி வேலை ஓட்டுநருடையது. மற்றப் பாதி, சந்தேகத்துக்குரிய பாகங்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கியும் குளிரவைத்தும் பார்ப்பது.

எஞ்சின் சூடேறுவது என்று நாம் சொல்வது, குளிரூட்டும் நீர் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை போய் அங்கே நிலைகொள்வதைத்தான். எஞ்சின் அந்த வெப்பத்தில் ஓடத்தான் வடிவமைக்கப்பட்டது. முள் சிவப்புக்குப் போய், ரேடியேற்றர் கொதித்து, அதனால் வண்டி நின்றால் அது வேறு பிரச்சினை. அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி ரேடியேற்றரின் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம், ஊதிச் சுத்தம் செய்தால் தீரும். இங்கே நாம் பேசுவது முள் சரியான இடத்தில் நிற்கும்போதே நின்றுவிடும் எஞ்சினைப் பற்றி. சூட்டில் உலோகம் விரிகிறது, மின்தடை மாறுகிறது, திரவம் மெலிகிறது. இவை எல்லா எஞ்சினிலும் நடப்பவை. நல்ல பாகம் அந்த மாற்றத்தைத் தாங்கும் அளவுக்கு மிச்சம் வைத்துச் செய்யப்பட்டிருக்கும். பாகம் தேயத் தேய அந்த மிச்சம் கரைந்து, ஒரு கட்டத்தில் குளிரில் மட்டும் போதுமானதாகவும் சூட்டில் போதாததாகவும் ஆகிவிடுகிறது. இந்தப் பழுது ஒரே நாளில் வருவதில்லை என்பதற்கும், முதலில் மாதம் ஒருமுறை நின்ற வண்டி பிறகு வாரம் ஒருமுறையும் பிறகு தினமும் நிற்பதற்கும் காரணம் இதுவே.

கிராங்க் சென்சரை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினின் சுழல்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சிறிய பாகம் அது. பல வண்டிகளில் அதன் உள்ளே முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்று சுற்றப்பட்டு, பிசினில் புதைக்கப்பட்டிருக்கும். செம்பு ஒரு பாகை வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும்; பிசின் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரியும். 30 பாகையிலிருந்து 100 பாகைக்குப் போகும்போது ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் செம்பு சுமார் 0.012 மில்லிமீற்றர்தான் நீளும்; பிசினோ 0.03, 0.04 மில்லிமீற்றர் நீளப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான தடவை சூடாகி ஆறியபின் கம்பி எங்கோ ஓரிடத்தில் இற்றுப்போகிறது. குளிரில் இற்ற முனைகள் இரண்டும் ஒட்டி நிற்பதால் மின்சாரம் பாயும். சூட்டில் பிசின் அவற்றை இழுத்துப் பிரித்ததும் கணினிக்குச் சமிக்ஞை அறுந்து, எரிபொருளும் தீப்பொறியும் ஒரே கணத்தில் நின்றுபோகும். அரை மணி நேரம் கழித்து மல்டிமீற்றரை வைத்துப் பார்ப்பவருக்கு அந்தச் சென்சர் முற்றிலும் நல்ல பாகம். அவர் அளவெடுப்பில் பிழையில்லை, நேரம்தான் பிழை. வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: செம்பின் மின்தடை இந்தச் சூட்டில் கால் பங்குக்கு மேல் கூடுவது இயல்பு. 1000 ஓம் காட்டிய சுருள் சூட்டில் 1250 ஓம் காட்டினால் அது நலமாகவே இருக்கிறது. அளவே வராமல் போனாலோ, வயரை அசைக்கும்போது துள்ளினாலோதான் குற்றவாளி.

இது கற்பனைக்குட்பட்ட ஆபத்தல்ல என்பதற்கு மோட்டார் வரலாற்றில் பெரிய சான்று ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் தன் வாகனங்கள் பலவற்றில் டிஎஃப்ஐ எனப்படும் மின்னணுப் பற்றவைப்புத் தொகுதியை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலோடு ஒட்டிப் பொருத்தியது. எஞ்சினின் சூடு நேரே அந்த இடத்துக்கு ஏறும். சூட்டைக் கடத்த அடியில் வெள்ளைப் பசை பூசப்பட்டிருந்தும், தொகுதிக்குள் இருந்த மின்னணுப் பாகங்கள் சூட்டில் செயலிழந்து, வண்டிகள் ஓட்டத்திலேயே நின்றன, ஆறியதும் ஓடின. 1983 முதல் 1995 வரையிலான வாகனங்கள் தொடர்பாகக் கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் நடந்த வழக்கில், தொகுதியை அந்த இடத்தில் வைத்ததே குறை என்று முடிவுகண்ட நீதிபதி மைக்கேல் பல்லாச்சி, 2000 ஒக்டோபரில் வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி உத்தரவிட்டார். மறு ஆண்டு வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. நமக்கு முக்கியமானது வழக்கின் முடிவைவிட அந்தக் குறை பிடிபடாமல் மறையும் விதம். ஆறியதும் உயிர்பெறும் பாகத்தைக் கழற்றி மேசையில் வைத்துச் சோதித்தால் குறை தெரியாது. உலகின் மிகப் பெரிய பொறியியல் வசதி உள்ள ஒரு நாட்டிலேயே இப்படியென்றால், களுவாஞ்சிகுடியிலோ ஏறாவூரிலோ ஒரு கராஜில் முதல் பார்வையிலேயே பழுது பிடிபட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சூடு பாகங்களை மட்டும் மாற்றுவதில்லை. எஞ்சின் ஓடும் விதியையும் மாற்றுகிறது. கணினி உள்ள எஞ்சின் குளிராக இருக்கும்போது எரிபொருளைத் தாராளமாகக் கொடுக்கும், வெறும் ஓட்ட வேகத்தைக் கூட்டி வைக்கும், புகைவாயுவை மறுபடி உள்ளே விடும் வால்வை மூடியே வைத்திருக்கும். நீர் சூடானதும் வேகத்தைக் குறைக்கும், எரிபொருளை அளந்து கொடுக்கும், அந்த வால்வைத் திறக்கும். உட்செல்லும் காற்றுக்குழாயில் வெடிப்பு இருந்தாலோ, புகைவாயு வால்வு கரிபிடித்துத் திறந்தபடி சிக்கினாலோ, குளிர்நிலைத் தாராளம் இருக்கும்வரை குறை மறைந்திருக்கும். தாராளம் நின்றதும் எஞ்சின் திணறும். இங்கே எந்தப் பாகமும் சூட்டால் கெடவில்லை. சூடானபின் வரும் கட்டளைதான் பழைய குறையை வெளியே கொண்டுவருகிறது. இந்த இரண்டு வகையையும் பிரித்தறிய ஓட்டுநரிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: கைக்கடிகாரம். நீர் பத்து நிமிடத்துக்குள் சூடாகிவிடும். எஞ்சின் எண்ணெய்க்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். டீசல் பம்பின் உடல் முழுக்கச் சூடேற அரை மணி நேரமாவது ஆகும். திரும்பிவரும் டீசலால் தாங்கியில் இருப்பது சூடேற அதற்கு மேலும் ஆகும், அதுவும் தாங்கி குறைவாக இருந்தால்தான் வேகமாக நடக்கும். ஆகவே தினமும் எட்டாவது பத்தாவது நிமிடத்தில் நிற்கும் வண்டியில் சந்தேகம் கட்டளைகளின் பக்கம் போகவேண்டும்; ஒரு மணி நேரச் சுமையோட்டத்துக்குப் பிறகே நிற்கும் வண்டியில் மெல்லச் சூடேறும் பாகங்களின் பக்கம். நேரம் தீர்ப்புச் சொல்லிவிடாது. ஆனால் முப்பது சந்தேகங்களை நான்கைந்தாகக் குறைக்கும்.

அதேபோல, எஞ்சின் எப்படி நின்றது என்பதும் பேசும். சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்றால் மின்சாரத்தின் பக்கம் பார்க்கவேண்டும்: சென்சர், கொயில், ரிலே, எர்த் வயர், டீசல் வண்டியானால் பம்பின் தலையில் உள்ள நிறுத்தி. இருமி, இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சற்று எழும்பி, மறுபடி தளர்ந்து நின்றால் எரிபொருளின் பக்கம். ஆர்பிஎம் முள் உள்ள வண்டியில் இன்னும் நல்ல சாட்சி கிடைக்கும். கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் அணைந்தால், சில்லுகள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முள் மெதுவாகவே இறங்கவேண்டும். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கையில் முள் மட்டும் பூச்சியத்தில் விழுந்தால், சுற்றைக் கணினிக்குச் சொல்லும் சமிக்ஞையே அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நின்றபின் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போதும் முள் அசையாவிட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இந்தக் காட்சி சில விநாடிதான் நீடிக்கும், கராஜில் ஒருபோதும் கிடைக்காது.

மட்டக்களப்பு வீதிகளில் சுமை தூக்கும் பிக்கப்களில் பெரும்பாலானவை டீசல் என்பதால் டீசல் பம்பைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஹைலக்ஸ் வண்டியின் பழைய 2எல், 3எல், 5எல் எஞ்சின்களில் இருப்பது விஈ வகைப் பம்ப். அதன் உள்ளே ஒரே ஒரு தண்டு சுழன்றபடியே முன்பின் அசைந்து, நான்கு சிலிண்டருக்கும் டீசலை முறைவைத்து அழுத்தி அனுப்புகிறது. தண்டுக்கும் அது ஓடும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரோன்தான். அதை அடைத்து நிற்பதும், அதற்கு எண்ணெயிடுவதும் டீசலேதான். டீசலின் பிசுபிசுப்பு 40 பாகையில் இருப்பதைவிட 80 பாகையில் ஏறத்தாழப் பாதியாகிவிடும்; கசிவு அதே அளவில் கூடும். இடைவெளியோ இன்னும் கொடியது. இத்தகைய ஒடுங்கிய இடுக்கில் கசிவு, இடைவெளியின் முப்படிக்கு ஏற்பக் கூடும்: தேய்மானத்தால் இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. தேய்ந்த பம்பில் சூடான டீசல் சேரும்போது இரண்டும் பெருகிக்கொள்கின்றன. ஓட்டத்தில் பம்ப் வேகமாகச் சுற்றுவதால் கசிவதற்குள் அழுத்திவிடும்; வெறும் ஓட்டத்தில் தடுமாறும்; ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் அழுத்தம் ஏறவே ஏறாது. சூடான வண்டி சந்தியில் வேகம் குறைந்ததும் நின்று, பிறகு பிடிக்க மறுப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. இதைச் சோதிக்கப் பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு. வண்டி நின்ற அந்த இடத்திலேயே, எஞ்சின் ஓடாத நிலையில், பம்பின் தலைப்பகுதியில் ஈரத்துணியைச் சுற்றிவைத்து, காயக் காய நனைத்து, பத்து நிமிடம் பொறுப்பது. மற்ற எல்லாம் சூடாகவே இருக்க, பம்ப் மட்டும் ஆறுகிறது. அப்போது வண்டி பிடித்தால், ஆறவைத்த இடத்தில்தான் பழுது. வாளித் தண்ணீரை ஊற்றக்கூடாது. சூடான உறை சட்டென்று சுருங்கித் தண்டைக் கவ்விவிட்டால் பம்பே போய்விடும். ஒரு துண்டுத் துணியும் சிறிது பொறுமையும் விலையுயர்ந்த பம்ப் வேலையின் தேவையை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன என்பது இந்தத் தொழிலின் அழகுகளில் ஒன்று.

ஆனால் ஈரத்துணிச் சோதனை இரண்டு குற்றவாளிகளைப் பிரிக்காது. பம்பின் தலையிலேயே டீசலை நிறுத்தும் மின்காந்த வால்வும் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை திறந்திருக்கும், அறுந்தால் சுருள்வில் மூடிவிடும். அதன் சுருள் சூட்டில் அறுபட்டாலும் துணியில் ஆறியதும் வேலைசெய்யும். இங்கே நின்ற விதம் உதவிக்கு வருகிறது: தேய்ந்த பம்ப் தளர்ந்து நிறுத்தும், வால்வு வெட்டி நிறுத்தும். நின்ற கணத்தில் வால்வுக்கு வரும் வயரைக் கழற்றி மறுபடி தொட்டால் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கவேண்டும். மின்சாரம் வந்தும் ஒலி இல்லையென்றால் வால்வு, மின்சாரமே வரவில்லையென்றால் வயர் அல்லது சுவிட்ச். புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் கணக்கு வேறு. எஞ்சின் பிடிப்பதற்கே ரெயிலில் 200 பாருக்கு மேல் அழுத்தம் ஏறவேண்டும். இன்ஜெக்டர்கள் தேய்ந்திருந்தால் சூடான டீசல் திரும்புக் குழாய் வழியே ஒழுகி, அந்த அழுத்தத்தை ஏறவிடாது. நான்கு இன்ஜெக்டர்களின் திரும்புக் குழாய்களையும் நான்கு சிறு போத்தல்களில் விட்டு, எது அதிகம் நிரம்புகிறது என்று பார்ப்பது உறுதியான சோதனை. அதையும் சூட்டில் செய்தால்தான் பொருள் உண்டு. பம்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் உறிஞ்சு வால்வு சிக்கிக்கொள்வதும் ஜப்பானியப் பிக்கப்கள் பலவற்றில் அறியப்பட்ட நோய். சூடேறியபின் வேகம் குறையும்போது நிற்கும். கழற்றி மாற்றும் பாகம், பம்ப் முழுவதையும் மாற்றவேண்டியதில்லை.

பெற்றோல் வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெற்றோலின் இலேசான பகுதிகள் 40 பாகை அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். பழைய காபரேட்டர் வண்டியில் எஞ்சினோடு ஒட்டிய பம்பின் உறிஞ்சு பக்கத்தில் ஆவி அடைத்துக்கொண்டால் பெற்றோல் வராது. இது ஓட்டத்தில் நிகழ்வதைவிட நிறுத்திய பின்புதான் அதிகம்: விசிறி நின்று, காற்று நின்று, நீரோட்டமும் நின்றதும் பொனெட்டுக்குள் வெப்பம் சிறிது நேரம் ஏறும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே வாகனங்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையில்தான் வாவியைக் கடந்தன. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே பாதை அதன்பிறகும் ஓடியது. துறையில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்து, கடந்து, அக்கரையில் ஸ்டார்ட் செய்ய முயலும் கால அளவு இந்த வெப்ப ஏற்றத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தும். தாங்கியின் மூடியையும் மறக்கவேண்டாம். அதன் காற்றுத்துளை தூசியில் அடைபட்டால், எரிபொருள் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உருவாகி ஓட்டம் நிற்கும். நின்றதும் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும், வண்டி உடனே பிடிக்கும். இது சூட்டோடு தொடர்பே இல்லாத பழுது. ஆனால் எப்போதும் அரை மணி ஓட்டத்துக்குப் பிறகே வருவதால் சூட்டுப் பழுதுபோல் வேடமிடும்.

வாவிப் பிரதேசத்துக்கே உரிய ஒரு சந்தேகம் உப்பு. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வந்துபோகிறது. எழுவான்கரை வீதியில் ஓடும் வண்டிக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் உவர்நீர். மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தட்டின் இடுக்குகளால் வடிந்து, அடியில் ஓடும் வயர்களின் மேலேயே சொட்டும். கொனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் பித்தளை முனையில் பச்சைப் பொடி பூத்திருக்கும். வயரின் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். இப்படிப்பட்ட இணைப்பில் 0.3 ஓம் தடை சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் இழுக்கும் எரிபொருள் பம்புக்கு அங்கேயே 1.8 வோல்ட் தொலைகிறது. ஏறத்தாழ 11 வாட் வெப்பமாக அந்தச் சிறு முனையில் வெளிப்படுகிறது. பிளாஸ்ரிக்கைப் பழுப்பாக்க அது தாராளம். சூடான முனை மேலும் கறுக்கும், கறுத்த முனை மேலும் சூடாகும். இந்தத் தடையை வயரைக் கழற்றி ஓம் அளந்து கண்டுபிடிப்பது கடினம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கையில் இணைப்பின் இரு பக்கத்திலும் வோல்ட் அளந்தால் உடனே தெரியும்: நல்ல இணைப்பில் பத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் தொலையக்கூடாது. எஞ்சினுக்கும் பற்றரிக்கும் நடுவே உள்ள எர்த் வயரை இப்படி அளக்காமல் எந்தச் சென்சரையும் மாற்றச் சம்மதிக்கவேண்டாம்.

இதற்கெல்லாம் இன்று ஸ்கேனர் இருக்கிறதே என்பது முதல் மறுப்பு. ஸ்கேனர் நல்ல கருவி, ஆனால் அது சுற்றின் பெயரைத்தான் சொல்லும், குற்றவாளியின் பெயரைச் சொல்லாது. கிராங்க் சமிக்ஞை அறுந்தது என்று குறியீடு வந்தால் சென்சரும் காரணமாகலாம், வயரும் ஆகலாம், உப்புப் பூத்த கொனெக்டரும் ஆகலாம். கணினி இல்லாத விஈ பம்ப் வண்டிக்குக் குறியீடே கிடையாது. நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சர் 20 பாகையில் 2500 ஓம் அளவிலும் 80 பாகையில் 300 ஓம் அளவிலும் இருக்கவேண்டியது. சூட்டிலும் 1500 ஓமில் நின்றுவிட்டால் கணினி அதைக் குளிர்ந்த எஞ்சின் என்று நம்பி எரிபொருளை அள்ளிக்கொடுக்கும். அளவு எல்லைக்குள் இருப்பதால் பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியாது. ஸ்கேனரின் உண்மையான பயன் குறியீட்டில் இல்லை. வண்டி நிற்கும் கணத்தில் ஓடும் அளவுகளைப் பார்ப்பதில் இருக்கிறது. அதற்கும் வண்டியைச் சூடாக்கி ஓட்டத்தான் வேண்டும்.

சோதித்துக்கொண்டிருப்பதைவிடச் சந்தேகமான பாகத்தை மாற்றிவிடுவது மலிவு என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. மலிவான ரிலே ஒன்றை மாற்றிப் பார்ப்பதற்கு யாரும் ஒரு நாள் செலவழிக்கத் தேவையில்லை. அதேபோன்ற வேறொரு ரிலேயை இடம்மாற்றிப் போட்டாலே போதும். ஆனால் விட்டுவிட்டு வரும் பழுதில் மாற்றிப் பார்ப்பது சோதனையே ஆகாது. வாரம் ஒருமுறை நிற்கும் வண்டி, பாகம் மாற்றிய பின் மூன்று நாள் நிற்காமல் ஓடுவது எதையும் நிரூபிக்கவில்லை. மாற்றாவிட்டாலும் அந்த மூன்று நாளும் ஓடியிருக்கும். போதாக்குறைக்கு, பாகத்தைக் கழற்றிப் பூட்டும்போது பக்கத்துக் கொனெக்டர் அசைந்து தற்காலிகமாகத் தொடர்பு சீராகிவிடும். புதிய பாகத்துக்குப் பெயர் கிடைக்கும், பழைய பழுது காத்திருக்கும்.

மூன்றாவதை மறுப்பு என்பதைவிடப் பழக்கம் என்று சொல்வதே பொருத்தம். எங்கள் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிவது. கழற்றியபின் சில வண்டிகள் நிற்பதை விட்டுவிடுகின்றன என்பதால் இந்தப் பழக்கத்துக்கு ஆதரவும் உண்டு. அது பழுதைத் தீர்க்கவில்லை, பழுது தோன்றும் வெப்பநிலைக்குப் போகவிடாமல் எஞ்சினைத் தடுக்கிறது. அரைச் சூட்டில் ஓடும் எஞ்சின் டீசலை முழுதாக எரிக்காது, சிலிண்டர் வேகமாகத் தேயும், எண்ணெய் கெடும். ஏற்றத்திலோ, கச்சான் காற்று அனலடிக்கும் ஆடி மாதச் சுமையோட்டத்திலோ வெப்பம் எப்படியும் ஏறும், வண்டி மறுபடி நிற்கும். வெயிலின் பங்கையும் அளவோடு பார்க்கவேண்டும். வெளியே 28 பாகைக்கும் 35 பாகைக்கும் உள்ள வேறுபாடு ஏழு. எஞ்சின் தானே தன்னை ஐம்பது அறுபது பாகை ஏற்றிக்கொள்கிறது. விளிம்பில் நிற்கும் பாகத்தைத் தள்ளிவிட அந்த ஏழு போதும், நல்ல பாகத்தைக் கெடுக்கப் போதாது. மாரி மழையிலும் வண்டி அதே நேரத்துக்கு நின்றால் வெயிலைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். கலப்பட எரிபொருள் என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே அளவுகோல்: தாங்கியில் தண்ணீர் கலந்திருந்தால் குளிர்ந்த வண்டியும் தடுமாறும். காலையில் சுத்தமாக ஓடி, சூட்டில் மட்டும் நின்று, ஆறியதும் மறுபடி சுத்தமாக ஓடும் வண்டிக்கு எரிபொருள் நிலையத்தைக் குறைசொல்ல முதல் ஆதாரம்கூட இல்லை. பில்டரின் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கராஜில் செய்யவேண்டியது சூட்டை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே கொண்டுபோவது. எஞ்சின் குளிராக ஓடும்போது ஒரு சென்சரை மட்டும் முடி உலர்த்தும் கருவியின் வெங்காற்றில் பிடித்தால், நின்றுவிடும் பாகம் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். கழற்றக்கூடிய சென்சரைப் பொலித்தீன் பையில் சுற்றி வெந்நீரில் இறக்கி, ஓம் மீற்றரைப் பார்த்துக்கொண்டே ஆறவிடலாம். டீசல் வரும் குழாயின் நடுவே ஒரு சாண் தெளிவான குழாயைப் பொருத்தினால் காற்றுக் குமிழ் கண்ணுக்கே தெரியும். ரப்பர் குழாய் சூட்டில் இளகும்போதுதான் அது காற்றை இழுக்கத் தொடங்கும். இவை எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை, ஆனால் மெக்கானிக்கின் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம் பழகவில்லை. பாகம் மாற்றினால் மட்டுமே கூலி என்ற வழக்கம்தான் நல்ல மெக்கானிக்கையும் பாகம் மாற்றத் தள்ளுகிறது. பெற்றோல் வண்டியில் வெங்காற்றுக் கருவியை எரிபொருள் குழாய்களின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்கக்கூடாது. ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்புக்குத்தான் இருக்கும், ஸ்டியரிங்கும் கனக்கும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுவதே முதல் வேலை, ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

உங்கள் வண்டி அடுத்த முறை நிற்கும்போது பொனெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு தாளிலோ தொலைபேசியிலோ குறித்துவையுங்கள்: புறப்பட்டு எத்தனை நிமிடம், வெட்டி நின்றதா தளர்ந்து நின்றதா, முள் என்ன செய்தது, தாங்கியில் எவ்வளவு இருந்தது, மூடியைத் திறந்தபோது காற்று இழுத்ததா, மறுபடி பிடிக்க எவ்வளவு நேரம் ஆனது. கராஜில் வண்டியை விடும்போது அந்தத் தாளையும் கொடுங்கள். சூடாக்கிச் சோதிக்கும் நேரத்துக்குத் தனியே கூலி தருவதாகச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அதன் அளவு குளிரில் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு அளவும் எழுதப்படாத பாகத்துக்குப் பணம் கொடுக்கவேண்டாம்.